பதினாறு படி இறங்கி வந்த டிஷ்

இன்று மாட்டுப் பொங்கல். காலையிலிருந்து தெரு முழுக்க பெயிண்ட் வாசனை. எதிர்வீட்டில் பசுவின் கொம்புக்கு நீலம் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த வாசனை மூக்கில் ஏறினால் மற்றவர்களுக்கு மாடு ஞாபகம் வரும். எனக்கு நீ வருகிறாய். இடது கையில் கட்டோடு, கொல்லையில் நின்றுகொண்டு, "பாக்கியம், கோடு கோணலாப் போகுதுடி, நாத்து நட்டப்பவும் இப்படித்தான் நட்டியா?" என்று என்னைத் திட்டுகிறாய்.

நீ போய் மூன்று வருஷம் முடிந்துவிட்டது. உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. நீ இருந்தபோது எழுத வேண்டிய அவசியமே வரவில்லை. நமக்கு நடுவில் ஒரு கீற்று வேலி. இந்தப் பக்கம் நான் இருமினால் அந்தப் பக்கம் நீ "சுக்கு போட்டுக் குடி" என்பாய். நான் ஐந்தாம் வகுப்பு வரை போனவள். நீ மூன்றோடு நின்றவள். ஆனாலும் டிஷ் மாட்ட வந்த மனிதரையே ஒரு நிமிஷம் வாயடைத்து நிற்க வைத்தாய். அதை யாரும் எழுதி வைக்கவில்லை. பேத்தியின் பழைய நோட்டில் இன்னும் தாள் மிச்சமிருக்கிறது, நான் எழுதுகிறேன்.

நம் ஊர்க்காரர்களுக்கு உயரத்தின் மேல் ஒரு கிறுக்கு உண்டு. அதை மூட்டிவிட்டது கொழும்பு. பேராவூரணிப் பக்கத்திலிருந்து கடல் கூப்பிடு தூரம். கடலைத் தாண்டினால் இலங்கை. டிவியில் மெட்ராஸ் படம் நமக்கு ஒழுங்காக வராத காலத்தில் கொழும்புப் படம் வந்தது. அதற்கு ஆன்டெனாக் கம்பம் உயரமாக வேண்டும். நம் தெருவில் முதலில் கம்பம் நட்டவர் உன் வீட்டுக்காரர். மூன்று இரும்புக் குழாயை ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்த்து, மூன்று பக்கமும் கம்பி இழுத்துத் தென்னையில் கட்டினார். அவர் கீழே நின்று கம்பத்தைத் திருப்புவார். நீ வாசற்படியில் நின்று டிவியைப் பார்த்துச் சத்தம் போடுவாய்.

"தெரியுதா?"

"புள்ளி புள்ளியாத் தெரியுது!"

"இப்ப?"

"ஆளு தெரியுது, தலை தெரியல!"

"இப்ப?"

"தலை வந்துச்சு, ஆளு போயிட்டான்!"

அதில் பேசிய சிங்களம் ஒரு வார்த்தை புரியாது. இருந்தாலும் தெருவே உன் வீட்டில்தான் கிடந்தது. பத்தடி கூட்டி வைத்தவன் வீட்டில் படம் இன்னும் பளிச்சென்று விழும். பக்கத்துத் தெருக்காரன் ஒரு குழாய் சேர்த்தால் நம் தெருக்காரன் இரண்டு சேர்ப்பான். அப்போது எல்லார் மண்டையிலும் ஏறியதுதான், வானத்திலிருந்து எது வந்தாலும் உயரத்தில்தான் வரும் என்பது. உன் மகன் செந்தில் அந்தக் கம்பத்தடியில் விளையாடி வளர்ந்தவன். அவனுக்கு மட்டும் வேறு மாதிரி தோன்றுமா?

உன் வீட்டுக்காரர் தவறிய அடுத்த வருஷம் செந்தில் குவைத்திலிருந்து லீவில் வந்தான். உன் மகள் திருப்பூரில். வீட்டில் நீ மட்டும். "அக்கா வீட்டுக்குப் போய் இரும்மா, இங்க ஒத்தையில என்ன பண்ணுவ" என்று அவன் தினமும் ஆரம்பிப்பான். நீ இட்லியை எடுத்து வைத்தபடியே, "இந்த வீட்டுக்குச் செங்கல் சுமந்தது யாரு, உங்கக்காவா?" என்று கேட்பாய். பேச்சு அத்தோடு நின்றுவிடும். அப்படி நின்ற ஒரு நாளில்தான், சரி, துணைக்கு டிவியாவது நன்றாகப் பேசட்டும் என்று டிஷ் வாங்கி வந்தான். கேபிள்காரர்கள் நம் தோப்புத் தெரு வரை ஒயர் இழுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டிருந்தார்கள்.

எங்கே வைப்பது என்று அவன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பதினாறு படி ஏறி மாடி, மாடி மேல் தண்ணீர்த் தொட்டி, தொட்டி மேல் ஒரு குழாய், குழாய் உச்சியில் டிஷ். மாட்டி முடித்ததும் அவன் ரோடு திரும்புகிற முனை வரைக்கும் நடந்து போய், திரும்பி நின்று பார்த்தான். நான் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தேன். "தெரியுதா அத்தை?" என்று கேட்டான். அதைக் கேட்டபோது அவன் முகத்தில் இருந்த சந்தோஷம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. வயலில் கூலிக்கு நின்றவள் வீட்டு உச்சியில் ஒரு வெள்ளைத் தட்டு. "நல்லாத் தெரியுதுடா தம்பி" என்றேன். பொய் இல்லை, நன்றாகத்தான் தெரிந்தது.

அவன் விமானம் ஏறிய இரண்டாம் வாரம் காற்று அடித்தது. உயரத்தில் இருப்பது ஆடாமல் என்ன செய்யும்? டிவியில் சிக்னல் இல்லை என்று எழுத்து மட்டும் நின்றது. டிஷ்காரர் அதிராம்பட்டினத்திலிருந்து வர வேண்டும். வருவார், ஏறுவார், திருப்புவார், போவார். பத்து நாளில் மறுபடியும் காற்று. ஆவணிக் கடைசியில் ஒரு சாயங்காலம் நீயே ஏணியைத் தொட்டியில் சாய்த்து ஏறிவிட்டாய். ஏறுவதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டிருந்தால் கணுக்காலைப் பிடித்து இழுத்திருப்பேன். அது தெரிந்துதான் கூப்பிடவில்லை. சத்தம் கேட்டு நான் ஓடி வந்தபோது மாடித் தரையில் உட்கார்ந்திருந்தாய். இடது மணிக்கட்டு வேறு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு நீ என்னிடம் சொன்னது இதுதான்: "கீழ போய் டிவி வருதான்னு பாத்துட்டு வா."

வரவில்லை.

எலும்பு வைத்தியர், தோளும் பிசகியிருக்கிறது என்று சொல்லிக் கட்டுப் போட்டு அனுப்பினார். அதற்குள் உன் கொழுந்தனார் குவைத்துக்குப் போன் போட்டுவிட்டார். நல்ல மனுஷன்தான், வாய்தான் நிற்காது. மறுநாள் காலை உன் வீட்டில் வந்து உட்கார்ந்து, துண்டை மடியில் போட்டுக்கொண்டு, சேதியைச் சொன்னார்.

"அண்ணி, செந்தில் முடிவாச் சொல்லிட்டான். தீபாவளி கழிஞ்சதும் நான் உங்களைத் திருப்பூர்ல கொண்டுபோய் விடணும். வீட்டைப் பூட்டிடணும். இனிமே இதுல பேச்சே இல்லைன்னுட்டான்."

"பூட்டுனா?"

"பூட்டுனா பூட்டுனதுதான். வருஷத்துக்கு ஒருக்கா வந்து பெருக்கிக்கலாம்."

அவருக்குக் காப்பி கொடுத்தாய். ஒரு கையால் ஆற்ற முடியவில்லை, நான் ஆற்றினேன். அவர் போனதும் வேலியோரம் வந்து நின்றாய். நாற்பது வருஷம் உன்னோடு ஒரே வரப்பில் நின்றிருக்கிறேன். அதுவரை நீ அழுது நான் பார்த்தது இரண்டு தடவை. அது மூன்றாவது.

"பூட்டிட்டாங்கன்னா திறக்க மாட்டாங்கடி" என்றாய். "கரையான் அரிச்சு நிக்கற வீடு நம்ம தெருவுலயே எத்தனை இருக்கு. அதுவும் வருஷத்துக்கு ஒருக்கா பெருக்கலாம்னு பூட்டுன வீடுதான்."

அன்றைக்குப் பகல் முழுக்க நாம் இரண்டு பேரும் அந்த டிஷ்ஷையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நீ விழுந்தது தனியாக இருந்ததாலா, ஏணி ஏறியதாலா? ஏணி ஏறியதால். ஏணி எதற்கு? அது அங்கே இருப்பதால். அது ஏன் அங்கே இருக்கிறது? அதை மாட்டுகிறவரைத்தான் கேட்க வேண்டும். மறுநாள் டிஷ்காரரை வரச் சொன்னோம்.

டிஷ்காரர் பெயர் ஜபார். முப்பத்தைந்து வயது இருக்கும், சிரித்த முகம். சவுதியில் சில வருஷம் இதே வேலை பார்த்துவிட்டு வந்து அதிராம்பட்டினத்தில் கடை வைத்திருந்தார். வழக்கம்போல் மாடிப்படியில் கால் வைத்தவரை நீ நிறுத்தினாய்.

"தம்பி, நில்லுங்க. ஏறாதீங்க. ஒரு சந்தேகம். இந்த டிஷ்ஷுக்குப் படம் எங்கேர்ந்து வருது?"

"சாட்டிலைட்டுலேர்ந்தும்மா. வானத்துல நிக்குது."

"எவ்வளவு உயரத்துல?"

"முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர்."

நீ அவரைப் பார்த்தாய். பிறகு மாடிப்படியைப் பார்த்தாய்.

"முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் இறங்கி வர்றது, இன்னும் பதினாறு படி இறங்காதா?"

ஜபார் வாயைத் திறந்தார், மூடினார். பிறகு சிரித்தாரே ஒரு சிரிப்பு! பையைக் கீழே வைத்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"இறங்கும்மா. தாராளமா இறங்கும். வானம் மறைக்காம இருந்தாப் போதும், உயரத்துக்கும் படத்துக்கும் சம்பந்தமே கிடையாது. சவுதியில நாங்க மணல்லயே வெப்போம். இங்க எல்லாரும் மாடியிலதான் வைன்னு நிக்கறாங்க. நான் வேணாம்னு சொன்னா, வேலை தெரியாதவன்னு வேற ஆளைக் கூப்பிட்டுடறாங்க. நானும் வெச்சுக் குடுத்துடறேன்."

"அப்ப ஊரு முழுக்கச் சும்மாவா ஏறிக்கிட்டு இருக்கு?" என்று நான் கேட்டேன்.

"சும்மாதாம்மா."

இடத்தை நீங்களே பார்த்து வையுங்கள், பக்கத்துத் தெருவில் ஒரு வேலை இருக்கிறது, முடித்துவிட்டு வருகிறேன் என்று போனார். நாம் அவசரமாகக் கொல்லைக்கு ஓடினோம். மாடியில் இருக்கிற தட்டு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று அண்ணாந்து பார்த்தோம். தென்கிழக்கில், உன் கொழுந்தனார் தோப்புப் பக்கம் பார்க்கிற மாதிரி இருந்தது. நடவு நடுகிறபோது வரிசை கோணாமல் இருக்கப் பிடிப்போமே, அந்தக் கயிற்றை எடுத்து வந்து அதே திசையில் இழுத்துப் பிடித்தோம். உன் ஒரு கை, என் இரண்டு கை, ஆக மூன்று கை. இரண்டு தென்னைக்கு நடுவில் ஒரு இடைவெளி தெரிந்தது. அதற்கு நேராகக் கொல்லைச் சுவரோரம் ஒரு குச்சியை நட்டுவிட்டு, பெரிய வேலை முடித்தவர்கள் மாதிரி வெற்றிலை போட்டோம்.

ஜபார் திரும்பி வந்து குச்சியைப் பார்த்தார். மேலே பார்த்தார். குச்சிக்கு நேர் மேலே, சாய்ந்த தென்னை ஒன்று குடை மாதிரி மட்டையை விரித்துக்கொண்டு நின்றது.

"இந்த இடம் ஆகாதும்மா. தட்டைப் பார்த்தா அந்த இடைவெளியைப் பாக்கற மாதிரிதான் தெரியும். ஆனா அதோட கண்ணு அங்க இல்ல. கிட்டத்தட்ட உச்சியைப் பாக்குது. உச்சியிலேர்ந்து கொஞ்சம் தென்கிழக்காச் சாய்ஞ்சு."

அது எந்த இடம் என்று உனக்கும் எனக்கும் பிடிபடவில்லை. அவர் கையை நீட்டிக் காட்டினார். வெறும் வானம். நீ யோசித்தாய். வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கேட்டாய்.

"அந்த இடத்துல சூரியன் எப்ப வந்து நிக்கும்?"

ஜபார் விரலை மடக்கி ஏதோ முணுமுணுத்துவிட்டுச் சொன்னார். "இந்தப் புரட்டாசியில... ஒரு பதினோரு மணிக்கு அந்தப் பக்கமா நிக்கும்மா."

"இதை முதல்லயே சொல்லக் கூடாதா தம்பி? பதினோரு மணி வெயில்ல நிழலே விழாத இடம் எதுன்னு எனக்குத் தெரியாதா? கொப்பரை காயப்போடற இடம்!"

விடுவிடுவென்று நடந்து போய்க் கொல்லையின் வடகிழக்கு மூலையில் நின்றாய். இருபது வருஷமாகத் தேங்காயை உடைத்துக் காயப்போட்டுப் போட்டு அந்த மண்ணே எண்ணெய்க் கறுப்பாக இருக்கும். எந்த மரத்தின் நிழல் எத்தனை மணிக்கு எங்கே வரும், எப்போது விலகும் என்பது உனக்கு மனப்பாடம். நிழல் ஏற ஏறக் கொப்பரையை நகர்த்திக்கொண்டே இருந்தவள் நீ. ஜபார் டிஷ்ஷைக் கழற்றி இறக்கி வந்து அங்கே பிடித்து, சிக்னல் பார்க்கிற கருவி ஒன்றை அதில் மாட்டினார். அது கீச்சென்று கத்தியது. "அம்மா, மாடியில இருந்ததைவிட இங்க நல்லா வருது" என்றார். நீ என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, அடியே, கலெக்டர்கூட அப்படிப் பார்க்க மாட்டார்.

இடம் முடிந்தது. எவ்வளவு உயரம் என்பதுதான் அடுத்த பேச்சு. ஜபார், தரையோடு தரையாக வைத்தாலும் வரும் என்றார். நீ ஒப்பவில்லை. சுவரில் பழைய வெள்ளத்தின் கறை உன் முழங்கால் அளவில் நின்றது. அதற்கு மேலே வேண்டும். ஆடு முன்னங்காலைத் தூக்கி நின்றால் இடுப்பு வரைக்கும் வாய் எட்டும். அதற்கும் மேலே வேண்டும். பிறகு அந்த மூலையில் நின்று, கட்டுப் போட்ட கையைத் தூக்கினாய். நெஞ்சு வரைக்கும் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. வலி முகத்தில் தெரிந்தது.

"இந்தக் கை இதுக்கு மேல எழும்பாது. இதுதான் உயரம். குழாயை இங்க அறுங்க."

"கட்டுப் பிரிச்சா கை இன்னும் மேல போகும்மா" என்றார் ஜபார்.

"நல்லா இருக்கற நாளுக்கு அளவு வெக்கக் கூடாது தம்பி. முடியாத நாளுக்கு வெக்கணும்."

குழாய் நிற்பதற்கு உன் பழைய ஆட்டுக்கல்லை உருட்டி வந்தோம். அதன் குழியில் குழாயை நிறுத்திச் சிமெண்டு ஊற்றினோம். அந்தக் கல்லை அசைக்கக் காற்றால் ஆகாது. ஜபார் டிஷ்ஷைத் திருப்பிச் சரியான இடத்தில் நிறுத்தி முறுக்கினார். அந்த நேரத்தில்தான் எனக்கு அது தோன்றியது. இதில் மட்டும் நான் உன்னிடம் விட்டுக்கொடுக்க மாட்டேன், தோன்றியது எனக்குத்தான்! வீட்டுக்கு ஓடிப்போய், போன பொங்கலுக்குக் கொம்புக்கு அடித்த நீலப் பெயிண்டில் மிச்சமிருந்ததை எடுத்து வந்தேன். குழாய், அதன் மேல் மாட்டின இரும்புப் பட்டை, இரண்டையும் சேர்த்து மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்தேன். சாய்மானத்துக்கு இன்னொரு கோடு. திரும்பினாலும் சரி, சரிந்தாலும் சரி, கோட்டோடு கோடு சேர்த்தால் பழைய இடத்துக்கு வந்துவிடும். நீ கோணல் கோணல் என்று திட்டியது அப்போதுதான். திட்டி முடித்து, "உனக்கு இவ்வளவு மூளை எங்கேர்ந்துடி வந்துச்சு?" என்றாய். "ரெண்டு வகுப்பு கூடப் படிச்சிருக்கேன்ல" என்றேன். ஜபார் போகும்போது பதின்மூன்றாம் நம்பர் ஸ்பேனர் ஒன்றை உன் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

தெரு சிரித்தது. வேலியோரம் போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்த்தார்கள். உன் கொழுந்தனார் வந்து இடுப்பில் கை வைத்து நின்றார்.

"என்ன அண்ணி, ஆட்டுக்குப் படம் காட்டறீங்களா? பால் கூடக் கறக்குமா?"

"ஆடாவது பாக்கட்டும் தம்பி. உங்க மாடி டிஷ்ஷைக் காக்காதான பாக்குது."

"விளையாட்டு இருக்கட்டும். தீபாவளி கழிஞ்சா திருப்பூரு, அதை மறந்துடாதீங்க."

நீ அன்றைக்குத்தான் அவருக்குப் பதில் சொன்னாய். குரலை உயர்த்தவில்லை. "கார்த்திகை முடியட்டும். இந்த அடைமழையில படம் நின்னு, அதை நானாச் சரி பண்ண முடியலைன்னா, பெட்டியைக் கட்டிக்கிட்டு நானே வர்றேன். என்னால முடிஞ்சா, பூட்டுங்கற பேச்சை இந்த வீட்டுல யாரும் எடுக்கக் கூடாது. செந்தில்கிட்ட நீங்களே சொல்லிடுங்க."

என்ன துணிச்சலில் சொன்னாய்? அன்றிலிருந்து மழை இருட்டினாலே நான் உன் கொல்லையை எட்டிப் பார்ப்பேன். தீபாவளி போனது, படம் ஓடியது. கார்த்திகை பிறந்து மூன்றாம் வாரம் வானம் பொத்துக்கொண்டது. இரண்டு நாள் காற்றும் மழையும். வாய்க்கால் எது, ரோடு எது என்று தெரியவில்லை. மூன்றாம் நாள் காலை பச்சைத் தென்னை மட்டை ஒன்று காற்றில் பறந்து வந்து டிஷ்ஷின் விளிம்பில் விழுந்தது. தட்டு அப்படியே வேறு பக்கம் திரும்பிவிட்டது. உள்ளே டிவி அடங்கிப்போனது.

மழை சற்று விட்டதும் நீ கொல்லையில் இறங்கினாய். கணுக்காலுக்கு மேல் தண்ணீர். நான் குடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தேன். கட்டைப் பிரித்திருந்தார்கள், ஆனால் கை இன்னும் சரியாக மடங்கவில்லை. ஜபார் சொன்னது சரியில்லை. அந்தக் கை கடைசி வரைக்கும் உன் நெஞ்சுக்கு மேல் போகவே இல்லை. நல்ல கையால் ஸ்பேனரைப் பிடித்து முறுக்கைத் தளர்த்தினாய், கட்டுப் பிரித்த கையால் தட்டைத் தாங்கினாய். அப்போது வேலிப் படலைத் திறந்துகொண்டு உன் கொழுந்தனார் வந்தார். நனைந்த கோழி மாதிரி இருந்தார்.

"அண்ணி, எங்க மாடி டிஷ்ஷு குழாயோட வளைஞ்சு தொங்குது. ஜபாருக்குப் போன் பண்ணா, ரோடு முழுக்கத் தண்ணி, நாலு நாள் ஆகுங்கறான். நீங்க என்ன பண்றீங்க இங்க?"

"பாத்தா தெரியலையா? நிக்காதீங்க, உள்ள போய் டிவி முன்னாடி நில்லுங்க. வந்தாச் சொல்லுங்க."

அவர் போனார்! உன்னைத் திருப்பூருக்குக் கூட்டிப்போக வேண்டிய மனுஷன், ஈர வேட்டியோடு உன் கூடத்தில் டிவி முன்னால் போய் நின்றார். நீ தட்டைத் திருப்பினாய். குழாயில் இருந்த பாதி நீலக் கோடும் பட்டையில் இருந்த பாதியும் கிட்டே வந்தன.

"வருதா தம்பி?"

"இல்லண்ணி!"

இன்னும் ஒரு விரற்கடை. கோடும் கோடும் ஒட்டின.

"இப்ப?"

உள்ளேயிருந்து, "வந்துருச்சு அண்ணி! வந்துருச்சு! தலையும் இருக்கு, ஆளும் இருக்கான்!" என்று ஒரு கத்தல்.

நீ எல்லாவற்றையும் ஸ்பேனரால் முறுக்கினாய். முடித்துவிட்டு ஸ்பேனரைப் புடவையில் துடைத்தாய். "செந்திலுக்குப் போன் போடுங்க" என்றாய். ஸ்பீக்கரில் போட்டார். நாம் மூன்று பேரும் அதைச் சுற்றி நின்றோம்.

"டேய் செந்தில், சித்தப்பா பேசறேன். உங்கம்மா திருப்பூருக்கு வரலையாம். ... இல்லடா, நான் என்னத்தச் சொல்றது? எங்க வீட்டு டிஷ்ஷையும் வந்து பாக்கணுமான்னு கேக்கறாங்கடா உங்கம்மா."

நீ அப்படிக் கேட்கவே இல்லை. அவராகச் சேர்த்துக்கொண்டது. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது. தண்ணீர் வடிகிற வரைக்கும் அவர் குடும்பமே உன் வீட்டில்தான் நாடகம் பார்த்தது.

சித்திரையில் செந்தில் லீவில் வந்தான். கொல்லையில் டிஷ்ஷைப் பார்த்ததும் அவன் முகம் சுண்டிப்போனது. "ஏம்மா, ரோட்டுலேர்ந்து பாத்தாத் தெரியவே இல்லையே" என்றான்.

"ரோட்டுல போறவனுக்கா வாங்குன? எனக்குன்னுல்ல சொன்ன?"

மறுநாள் காலை நீயும் நானும் கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். அவன் போய் அந்தக் குழாயை அசைத்துப் பார்த்தான். ஸ்பேனரை எடுத்து ஒவ்வொரு முறுக்கையும் சோதித்தான். பிறகு ஒரு கம்பியை எடுத்து, பட்டையைச் சுற்றி, இரண்டு திருகு திருகி, முனையை உள்ளே மடக்கிவிட்டான். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்தது. ஆய்ந்த கீரை உன் கையிலேயே நின்றது.

"ஆபீஸ்ல இதெல்லாமாடா சொல்லிக் குடுக்கறாங்க?"

ஏழு வருஷமாக அவன் ஆபீஸில் வேலை என்றுதான் நமக்குச் சொல்லியிருந்தான். அவன் கம்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ஆபீஸ் இல்லம்மா. சாரம் கட்டற வேலை. பதினெட்டு மாடிக் கட்டடம். நீ விழுந்துட்டேன்னு சித்தப்பா போன் பண்ணப்ப நான் பன்னெண்டாவது மாடியில நின்னுக்கிட்டு இருந்தேன். கீழ எட்டிப் பாத்தேன், அதுக்கு மேல அங்க நிக்க முடியல. அன்னைக்கு இறங்கிட்டேன். அதுக்குப் பயந்துதாம்மா பூட்டச் சொன்னேன்."

நீ எழுந்து அவனிடம் போனாய். உன் நெஞ்சு உயரத்தில்தான் அந்த டிஷ், அவனுக்கு இடுப்பு உயரம். அதன் மேல் கையை வைத்துக்கொண்டு, "உங்கம்மா இறங்கிட்டேன்ல. நீயும் இறங்கி வந்துடு. வீடு திறந்துதான் இருக்கும்" என்றாய். எனக்குக் கண் மறைத்தது, கீரைமேல் குனிந்துகொண்டேன்.

இரண்டு வருஷம் கழித்து அவன் இறங்கி வந்தான். பேராவூரணியில் இரும்புக் கடை வைத்திருக்கிறான், நன்றாக நடக்கிறது. வந்த அன்று பூட்டைத் திறந்து, கரையானைத் தட்டி, ஒட்டடை அடித்து உள்ளே நுழைய வேண்டி இருக்கவில்லை. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, சோறு வெந்துகொண்டிருந்தது. அவன் பிள்ளைகள் அந்தக் கூடத்தில்தான் நடை பழகின. அதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான், உன் வீட்டில், உன் கட்டிலில், நீ போனாய். உன்னோடு ஒரே வரப்பில் நின்றவள் என்று சொல்லிக்கொள்ள எனக்கு எவ்வளவு பெருமை என்று உனக்குத் தெரியுமா? உன் முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தால், "போடி, வேலை இல்லையா உனக்கு" என்றிருப்பாய்.

இப்போது என் கதை. என் மகன் சிங்கப்பூரிலிருந்து பணம் அனுப்பி, என் பழைய வீட்டை எடுத்துவிட்டுப் புது வீடு கட்டுகிறான். கட்டி முடிக்கிற வரைக்கும், அப்புறமும்கூட, சென்னையில் அவன் தங்கை வீட்டில் போய் இரு என்று அவனும் ஆரம்பித்தான். "கூப்பிடு தூரத்துல ஸ்பேனர் பிடிக்கற ஆளு இப்ப இல்லைதான். ஆனா எனக்கும் பிடிக்கத் தெரியும்டா" என்றேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாததால் விட்டுவிட்டான். கட்டட வேலையை மேற்பார்க்கப் பேத்தி வந்திருக்கிறாள், தஞ்சாவூரில் கட்டடப் படிப்பு முடித்தவள். தலையில் மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு அவள் கொத்தனாரிடம் அளவு சொல்வதைப் பார்க்க, நான் வேலை இல்லாவிட்டாலும் மணலில் போய் உட்கார்ந்திருப்பேன்.

போகிக்கு முந்தின நாள் சுவிட்ச் பெட்டிக்குச் சுவரை உடைக்க வேண்டியிருந்தது. கொத்தனார் தலைக்கு மேல் கை வைத்து, "எல்லா வீட்டுலயும் இந்த உயரம்தாம்மா" என்றார். பேத்தி வரைபடத்தைப் பிரித்தாள். நான் எழுந்து போய் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றேன். எனக்கு இப்போது தோளில் பிடிப்பு, காலையில் கையே தூக்க வராது. "நேரம் என்ன?" என்று கேட்டேன். "ஏழரை பாட்டி" என்றாள். "சரியான நேரம்" என்றேன்.

வராத கையை வருகிற வரைக்கும் தூக்கிச் சுவரில் வைத்தேன். கொத்தனார் சிரித்தார், இவ்வளவு கீழேயா என்றார். பேத்தி சிரிக்கவில்லை. காதில் சொருகியிருந்த பென்சிலை எடுத்து, என் விரல் நுனியில் கோடு போட்டாள். அது கொஞ்சமும் கோணவில்லை. பிறகு அடுப்படிக்குப் போய், "பாட்டி, இங்கயும் வந்து கையை வை" என்று கூப்பிட்டாள்.